நாகேஸ்வரி நம்பிய முடிவு

பருத்தித்துறை
8.9.1975

பியாட்றிஸ் அவர்களுக்கு,

இரண்டரை வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தில் முப்பது பிரதிகள் எனக்கு வேண்டும். இதைக் கேட்பதற்காக நான்கு முறை கடிதம் தொடங்கி நான்கையும் கிழித்தேன். இந்தக் கடதாசித் தட்டுப்பாட்டில் இது ஐந்தாவது.

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பதினைந்து வயதில், பெரிய சோதினையின் முதல் நாள் காலையில் நான் பெரிய பிள்ளையானேன். சொன்னால் முப்பத்தொரு நாள் வீட்டுக்குள் இருத்திவிடுவார்கள், சோதினை போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் எட்டு நாள் மறைத்தேன். கடைசிப் பாடத்தை எழுதிவிட்டு வந்து, அன்றுதான் நடந்தது போல அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பொய் நேரத்தை வைத்துத்தான் சாத்திரியார் என் ருது சாதகத்தைக் கணித்தார். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உலகத்தில் உங்களுக்கு மட்டும், பேராதனையில் ஹொஸ்ரல் அறையில் சொன்னேன். நீங்கள் என் பெயரைத் தவமலர் என்று மாற்றி அச்சில் போட்டு, ‘அன்புத் தோழிக்கு’ என்று கையெழுத்தும் வைத்து எனக்கே அனுப்பினீர்கள்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள், முக்கால்வாசி கடற்கரை வீடுகள். பாடப் புத்தகத்தில் அரசர்கள் யானையில் போகிறார்கள். பிள்ளைகள் யன்னலால் கடலைப் பார்க்கிறார்கள். நான் சத்தம் போடத் தெரியாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் ஒருவன் என்னைப் பார்த்து மிக மரியாதையாக, “ரீச்சர், நீங்கள் களைச்சுப்போனியள், கொஞ்சம் இருங்கோ” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அன்று பையில் உங்கள் புத்தகம் இருந்தது. திரும்ப வாசித்துத் திரும்பக் கோபப்படுவதற்காக வைத்திருந்தேன். வேறு வழி தெரியாமல் அதன் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். அந்தப் பெரிய பிள்ளையான பக்கம் வந்தபோது முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டேன். மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

நிபந்தனை ஒன்று. தவமலர் யார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது.

இப்படிக்கு,
ஞானாம்பிகை

மானிப்பாய்
13.9.1975

என் அன்பு ஞானம்,

‘பியாட்றிஸ் அவர்களுக்கு’, ‘நீங்கள்’! தபாற்காரனிடம் வாங்கிப் படித்தபோது கல்விக் கந்தோரிலிருந்து வந்த கடிதமாக்கும் என்று பயந்துபோனேன். ஹொஸ்ரலில் என் துவாயை எடுத்துக் குளித்தவள் நீர். எனக்கு நீர் ‘நீர்’தான்.

முப்பது அல்ல, முப்பத்திரண்டு அனுப்புகிறேன். கட்டிலுக்குக் கீழே இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. கூட்டிப் பெருக்கும்போது அம்மா முறையிடுகிறார், “உன்ரை தவமலராலை என்ரை இடுப்புப் போச்சுது” என்று. சனிக்கிழமை பகல் பஸ்ஸில் கொண்டக்டர் சிமியோனிடம் கட்டுக் கொடுத்துவிடுவேன். பருத்தித்துறை நிலையத்தில் நின்று வாங்கும். அவன் ஒரு பிரதியை எடுத்துவிட்டால் விட்டுவிடும். ஒரு வாசகன் கூடுவான்.

நான் செய்தது பிழையா? இந்தக் கேள்வியோடு இரண்டரை வருடம் இருந்தேன் என்று சொன்னால் பொய். ஒரு ஆறு மாதம் இருந்தேன். பிறகு, நல்லதைத்தானே எழுதினேன் என்று சமாதானமானேன். எங்கள் பிள்ளைகளின் வயதில் ஒரு பிள்ளை, எங்கள் ஊரில், எங்கள் கதையோடு ஒரு புத்தகத்தில் இருக்கிறாளா? குழந்தைகளுக்கு நரியும் காகமும் இருக்கிறது. பெரியவர்களுக்குக் காதலும் கொலையும் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில் இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? பாடப் புத்தகத்து யானை. உம்முடைய எட்டு நாளைக் கேட்ட அன்றே எனக்குக் கை துடித்தது. உம்மிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீர் மாட்டேன் என்றிருப்பீர். அதனால்தான் கேட்கவில்லை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளும்.

பிள்ளைகள் சொல்வதையெல்லாம் எழுதும். ஒன்றையும் விடாதேயும்.

பியாட்றிஸ்

பருத்தித்துறை
6.10.1975

பியாட்றிஸ்,

முப்பத்தொன்றுதான் வந்தது. சிமியோனுக்கு இரண்டாம் அத்தியாயம்வரை தெரியும்.

இரண்டு பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்து, மிச்சத்தை வீட்டுக்கு இரவல் விடுகிறேன். முறைக்குச் சண்டை. வாசிக்க எழும்பு என்றால் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இப்போது, “ரீச்சர், அவள் ரண்டு பக்கம் வாசிச்சிட்டாள், நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்கிறார்கள். ஒருவன் கேட்டான்: “உந்தக் கதையிலை ஆம்பிளையளுக்கு ஒரு வேலையும் இல்லையோ ரீச்சர்?” நான் பதில் தேடுவதற்குள் பின் வாங்கு வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: “ஏன், தேப்பன் சோறு தின்னுறார்தானே.” நானும் சிரித்துவிட்டேன். ஆசிரியராகி இரண்டு வருடத்தில் வகுப்பில் நான் சிரித்தது அதுதான் முதல்.

அந்தக் குரல் நாகேஸ்வரி. தில்லைநாதன் என்பவரின் மகள். சொந்த வள்ளம் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் வள்ளத்தின் முகப்புக்குப் பூ வைப்பது இவளுடைய வேலை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் பிந்தி வருவாள், அதனால் மற்ற ஆசிரியர்களிடம் ஏச்சு வாங்குவாள். சித்திரையில் இவளுக்குக் கடைப் பெயர்ப் பலகை வாசிக்கிற அளவுதான் வாசிப்பு. இப்போது புத்தகத்தைப் பேப்பரால் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

தவமலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று வேலை கொடுத்தேன். நாகேஸ்வரி எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘தவமலர், நீ ஒளித்தது எனக்குப் பிடிச்சது. ஆனால் உன்ரை அம்மா உண்மையைக் கேட்டுவிட்டு உன்னைக் கட்டிப் பிடிச்சதுதான் கூடப் பிடிச்சது. என்ரை அம்மாவும் நல்லவ.’ சிவப்பு மையால் ‘மிக நன்று’ என்று போட்டேன்.

போட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கடைசி அத்தியாயத்தை நீர் எங்கிருந்து எடுத்தீர்? நான் சொன்ன கதையில் அது இல்லை. நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவேயில்லை.

இன்னொன்று. எனக்குத் திருகோணமலையில் ஒரு இடம் பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை. அம்மா இரண்டு சாதகங்களையும் மடித்து எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போய்வந்தார். பத்தில் எட்டுப் பொருத்தமாம். அம்மா இரண்டு நாளாகப் பாட்டு முணுமுணுக்கிறார். அப்பா போன பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை. பொருந்தியது அந்தப் பொய் நேரத்துக்கு என்று எனக்கும் உமக்கும் மட்டும் தெரியும். நடக்கிறேன், இருக்கிறேன், திரும்ப நடக்கிறேன்.

ஞானம்

மானிப்பாய்
12.10.1975

ஞானம்,

அவசரமாக. நாளைக்கு எங்கள் பள்ளியில் பரிசளிப்பு விழா. பந்தல்காரன் வாசலில் நிற்கிறான்.

பிள்ளைகளின் கடிதங்களை எனக்கு அனுப்பும். இரண்டாம் பதிப்பு வந்தால் முன்னுரைக்குப் பதில் அவற்றைத்தான் போடுவேன். அந்தச் சோறு தின்கிற தகப்பனை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன்.

கடைசி அத்தியாயத்தை எங்கிருந்து எடுத்தேன்? என் ஆசையிலிருந்து. பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதிலென்ன குற்றம்?

சாதகத்தைப் பற்றி என்னிடம் கேட்டு என்ன பயன்? எங்கள் வீட்டில் போதகருக்கு எந்த ஞாயிறு வசதி என்று பார்த்துக் கலியாணம் வைப்பார்கள். மாப்பிள்ளைக்கு மீசை உண்டா?

பியாட்றிஸ்

பருத்தித்துறை
17.11.1975

பியாட்றிஸ்,

நாகேஸ்வரி பெரிய பிள்ளையாகிவிட்டாள். மறைத்துவிட்டாள். பிறகு சொல்லிவிட்டாள். மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன். இனி ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முந்தின ஞாயிறு, ஒன்பதாம் திகதி, அவளுக்கு நடந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புச் சோதினை டிசம்பர் எட்டு. முப்பத்தொரு நாள் துடக்கென்று வீட்டில் இருத்தினால் சோதினை அதற்குள் போய்விடும். ஆகவே ஒளித்தாள். எல்லா நாளும் பள்ளிக்கு வந்தாள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதை நினைத்துப் பாரும். வெள்ளிக்கிழமை வழக்கம்போல வள்ளத்துக்குப் பூவும் வைத்தாள்.

சனிக்கிழமை விடிய தில்லைநாதனின் வலை கடலடிப் பாரில் சிக்கிக் கிழிந்துபோனது. வாடைக் கடல், அன்று வேறு இரண்டு பேருக்கும் கிழிந்திருக்கிறது. தகப்பன் வெறுங்கையோடு வந்து குந்தியிருந்ததைப் பார்த்து இவளுக்குப் பொறுக்கவில்லை. தாயிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தவமலரின் தாய் செய்ததைத் தன் தாயும் செய்வாள் என்று.

தாய் சிவக்கொழுந்து விளக்குமாற்றை எடுத்திருக்கிறா.

இன்று காலை தில்லைநாதன் பள்ளிக்கு வந்தார். கையில் பேப்பர் சுற்றிய உம்முடைய புத்தகம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது.

“ரீச்சர், உங்கடை அப்பரும் கடலுக்குப் போனவர்தானே?”

“ஓம்.”

“அப்ப தெரிஞ்சுகொண்டே குடுத்தனீங்கள்? துடக்கோடை வள்ளத்தைத் தொட்டிருக்கிறாள். நாங்கள் நாலு பேர் அதிலை போனனாங்கள். வலையோடை போச்சுது. ஆள் போயிருந்தால்?”

அதிபர் பரமலிங்கம் இடையில் வந்து, “அது சும்மா ஒரு கதைப் புத்தகம் தம்பி” என்றார். தில்லைநாதன் சொன்னார்: “கதை எண்டு அவளுக்குத் தெரியேல்லையே.”

புத்தகங்களை அதிபர் சேர்த்து அலுமாரியில் பூட்டிவிட்டார். நாகேஸ்வரியைச் சோதினைக்கு விட மாட்டார்களாம். அதற்குப் பிறகும் பள்ளி வேண்டாமாம். தாய்க்கு உதவியாக இருக்கட்டுமாம். ஆறாம் வகுப்பிலிருக்கும் தங்கச்சியிடம் அவள் ஒரு துண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ‘ரீச்சர், தவமலரின்ரை அம்மா ஏன் கோபிக்கேல்லை?’

உம்முடைய ஆசைக்கு அந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்கிறாள். நான் சிவப்பு மையால் மிக நன்று போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம்.

ஞானாம்பிகை

மானிப்பாய்
20.11.1975

ஞானம்,

உம்முடைய கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதினேன். இலக்கியம், கற்பனை என்று மூன்று பக்கம். கெட்டித்தனமாக இருந்தது. அடுப்பில் போட்டேன்.

அந்தத் துண்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாய் ஏன் கோபிக்கவில்லை? ஏனென்றால் அவளை நான் யோசிக்கவில்லை. மகளை உம்மிடமிருந்து எடுத்தேன். தாயை ஒரு கிறிஸ்மஸ் நாடகத்திலிருந்து எடுத்தேன் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் துடக்கு இல்லை, வள்ளம் இல்லை, ஒரு பூவில் நாலு பேரின் உயிர் இருக்கிறது என்ற பயம் இல்லை. தெரியாத வீட்டுக்குள் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். அந்த வீட்டுக்குப் போய், இது முழுவதும் நான் இட்டுக்கட்டியது, இப்படி எங்கும் நடக்கவில்லை, பிள்ளையைக் கோபிக்க வேண்டாம் என்று சொல்கிறேன். கால் பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறேன்.

பியாட்றிஸ்

பருத்தித்துறை
22.11.1975

பியாட்றிஸ்,

வர வேண்டாம். இதைத் தந்தியாக அனுப்ப நினைத்தேன். தந்திக் கந்தோரில் இருப்பவர் அம்மாவுக்கு உறவு. இந்தக் கடிதத்தைச் சிமியோனிடம் கொடுத்து, பஸ்ஸிலேயே உம்மைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படி எங்கும் நடக்கவில்லை என்று நீர் சொன்னால் அது பொய். நடந்தது. அந்த நாட்களிலும் அப்பா கடலுக்குப் போனார். நான் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்தார். தில்லைநாதன் கேட்ட கேள்விக்கு ஊரில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். அதிபரின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன்.

சொல்ல வேண்டுமென்றால் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் திருகோணமலை போகும். அது போகட்டும். அப்பா காய்ச்சலில் போனது சோதினை எழுதி ஆறு வருடத்துக்குப் பிறகு. அம்மா அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவாரோ என்பதுதான் என் பயம். புத்தகத்தில் தவமலர் இதை ஒரு பந்தியில் சொல்லி முடிக்கிறாள்.

இன்று மூன்று முறை அம்மா சமைக்கிற குசினி வாசல்வரை போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஞானம்

பருத்தித்துறை
30.11.1975

பியாட்றிஸ்,

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பின்னேரம். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார், கை நிற்கவில்லை. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

“கொப்பர் செத்தது எத்தினையாம் ஆண்டு?”

“அறுபத்தொன்பது.”

“நீ சோதினை எழுதினது?”

“அறுபத்துமூண்டு.”

எழும்பிக் கை கழுவினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைக்கிறார். நான் வந்தால் அவர் கிணற்றடிக்குப் போகிறார்.

புதன்கிழமை நாகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். துடக்கு வீடு என்பதால் படலையோடு நிறுத்திவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சிவக்கொழுந்து, இந்தப் பக்கம் நான். தெருவில் போனவர்கள் மெதுவாகப் போனார்கள். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லும் பிள்ளை” என்றா. ஆகவே சத்தமாகச் சொன்னேன். அந்தக் கதைப் பிள்ளை நான்தான் என்று பருத்தித்துறைத் தெருவில் நின்று சொன்னேன்.

அவ படலைக்குக் கிட்ட வந்தா.

“கொப்பர் அந்த எட்டு நாளுக்குள்ளை கடலுக்குப் போனவரோ?”

“போனவர்.”

“ஒண்டும் நடக்கேல்லையோ?”

“நடக்கேல்லை.”

“நீர் படிச்ச பிள்ளை. என்ரை மோளைச் சோதினைக்கு எடுக்க என்னவும் சொல்லுவீர். கொம்மா வந்து சொல்லட்டும், பாப்பம்.”

அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, சிவக்கொழுந்து சொன்னதை அப்படியே, அடுப்படியில் திரும்பி இருந்த அவருடைய முதுகுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எட்டு நாள்தான் இருக்கிறது.

ஞானம்

மானிப்பாய்
3.12.1975

ஞானம்,

நான் ஆலோசனை ஒன்றும் சொல்ல மாட்டேன். என் ஆலோசனை விளைவித்தது போதும்.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத ஐந்து நாளாக இருந்து பார்க்கிறேன். தாய் வாய் திறந்தால் பொய்யாக இருக்கிறது. வாய் மூடியிருந்தால் கதை நிற்கவில்லை. பேனையைத் திறந்து மூடி நிப்பு வளைந்துவிட்டது.

என்ன நடந்தாலும் எழுதும். ஒன்றும் நடக்காவிட்டாலும் எழுதும்.

பியாட்றிஸ்

பருத்தித்துறை
14.12.1975

அன்புள்ள பியாட்றிஸ்,

நாகேஸ்வரி சோதினை எழுதினாள். திங்கட்கிழமை காலை மண்டப வாசலில் தாயோடு வந்து நின்றாள். தலை முழுகிய ஈரம். கையில் வேப்பிலையும் ஒரு இரும்பு ஆணியும். மேற்பார்வைக்கு வந்தவர் ஆணியை மேசையில் வைக்கச் சொன்னார். “அது என்னோடைதான் இருக்கும் சேர்” என்று சொல்லி இடது கையில் பொத்திக்கொண்டே எழுதினாளாம். கட்டுரைக்கு நேரம் போதவில்லை என்று ஒரே குறை.

எப்படி விட்டார்கள் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். நான்காம் திகதி காலை அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக அங்கே போயிருக்கிறார். சிவக்கொழுந்து, “வாங்கோ சின்னாச்சியக்கா” என்று சொல்ல, வாறன் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் படலைக்கு வெளியே நின்றே சொன்னாராம்:

“என்ரை மனுசன் அந்த எட்டு நாளிலை ஆறு தரம் கடலுக்குப் போனவர். ஆறு தரமும் திரும்பி வந்தவர். ஒரு தரம் நல்ல மீன்பாடு. என்ரை மோள் எனக்குப் பொய் சொன்னவள். அதுக்கு நான் அவளோடை கதைக்கிறேல்லை. அது என்ரை வீட்டு விஷயம். உன்ரை மோள் ஏழாம் நாளே வந்து உண்மை சொன்னவள். நீ அவளைச் சோதினைக்கு விடு.”

தில்லைநாதன் உள்ளேயிருந்து, “ஆறு தரமோ?” என்று கேட்டாராம். “ஆறு தரம்” என்று சொல்லிவிட்டு அம்மா குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அங்கிருந்து நேரே தரகர் வீட்டுக்குப் போய்த் திருகோணமலைச் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். “பொய்ச் சாதகத்தைக் காட்டி மற்றவன்ரை பிள்ளையை ஏமாத்த ஏலாது” என்றாராம். தரகர் என்னைத் தெருவில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் துக்கம் வரும் என்று காத்திருந்தேன். பெரிதாக வரவில்லை. அம்மாவின் முணுமுணுப்பு நின்றுபோனதுதான் வீட்டில் கேட்கிறது.

அதிபர் அலுமாரித் திறப்பை என் கையில் தந்துவிட்டார். இவ்வளவு நாளும் பூட்டி வைத்துவிட்டுத் தானே வாசித்திருக்கிறார். “நாலாம் அத்தியாயம் கொஞ்சம் இழுக்குது” என்றார். உமக்குச் சொல்லச் சொன்னார்.

இனி நேற்று நடந்தது. சனிக்கிழமை, பகல். நான் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து முன்னால் சுவரோடு சாய்ந்து இருந்தார். இருபது நாளுக்குப் பிறகு ஒரு சொல்.

“வாசி.”

எதை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். எட்டு நாளும் ஒவ்வொன்றாகப் போயின. துணியை எங்கே ஒளித்தேன் என்ற இடத்தில், “கோழிக் கூட்டுக்குப் பின்னாலையோ?” என்றார். ஓம் என்றேன். தவமலர் சோறு கட்டிக் கொடுக்கும் இடத்தில் எழும்பிப் போய், பிறகு வந்து இருந்தார்.

கடைசி அத்தியாயம். தவமலர் சொல்கிறாள், தாய் கட்டிப் பிடிக்கிறாள், இருவரும் அழுகிறார்கள். வாசித்து முடித்தேன்.

“உவள் ஏன் கட்டிப் பிடிச்சவள்?”

“கதையம்மா.”

“நான் எண்டால் அடிச்சிருப்பன்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“நல்லா அடிச்சிருப்பன். அடிச்சுப்போட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, நானே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்ச் சோதினைக்கு விட்டிருப்பன். நீ எனக்குச் சொல்லேல்லை.”

வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் மறைத்தது, புத்தகத்தை மூடினேன்.

“ஏன் மூடுறாய்? மிச்சத்தை வாசி.”

“மிச்சம் இல்லையம்மா. அவ்வளவுதான்.”

“அவ்வளவு எண்டால்? தாய் பிறகு என்ன செய்தவள்?”

“அதைப் பியாட்றிஸ் எழுதேல்லை.”

அம்மா எழும்பிச் சேலையைத் தட்டினார். குசினிக்குப் போகும்போது சொன்னார்:

“அப்ப அவளை இஞ்சை வரச் சொல்லு. நான் சொல்லுறன், அவள் எழுதட்டும்.”

ஞானம்